ஐந்து வருடப் படிப்பு, ஒரே ஒரு மெயில்: அமெரிக்க உளவியல் 'மேட்ச்' எப்படி நடக்கிறது? இந்திய மாணவர்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பிப்ரவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. அமெரிக்கா முழுக்க உளவியல் பிஎச்.டி. மாணவர்கள் பல ஆயிரம் பேர் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வரப்போவது ஒரே ஒரு செய்திதான். 'உங்களுக்கு இந்த மையத்தில் இடம் கிடைத்திருக்கிறது' என்று வரலாம். 'எங்கும் கிடைக்கவில்லை' என்றும் வரலாம். அடுத்த ஒரு வருடம் எந்த ஊரில் இருப்பது, டிகிரி எப்போது கைக்கு வரும் என்பதை எல்லாம் அந்த மெயில்தான் முடிவு செய்யும்.

இதற்குப் பெயர் 'மேட்ச் டே'. கிளினிக்கல், கவுன்சலிங், ஸ்கூல் சைக்காலஜி ஆகிய மூன்று பிரிவுகளிலும் முனைவர் பட்டம் படிக்கும் பெரும்பாலானோர் கடக்க வேண்டிய கடைசி வாசல் இது. இங்கே எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு அமெரிக்காவில் கவுன்சலிங் சைக்காலஜி பிஎச்.டி. படிக்கப் போகிறவர்களுக்கும் இதே வாசல்தான். ஆனால் அவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பூட்டு இருக்கிறது: விசா.

ஒரு காலத்தில் 'இடம் இருக்கிறதா' என்பதுதான் பிரச்சினை. இப்போது கேள்வி மாறிவிட்டது. 'இருக்கிற இடங்களில் எனக்கு எது திறந்திருக்கிறது, என் தேதிகள் அதற்கு ஒத்துவருகிறதா' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்டர்ன்ஷிப் என்றால் இங்கே என்ன அர்த்தம்?

ஐடி கம்பெனியில் இரண்டு மாதம் போய்வரும் இன்டர்ன்ஷிப் மாதிரி இல்லை இது. ஒரு வருடம் முழுநேர வேலை, அல்லது இரண்டு வருடம் பகுதிநேர வேலை. பல மையங்களில் மொத்தக் கணக்கு 2,000 மணி நேரம் வரும். பல்கலைக்கழக கவுன்சலிங் மையம், மருத்துவமனை, சமூக மனநல மையம், சிறை, பள்ளி மாவட்டம் என்று இடங்கள் பல வகை. எதுவானாலும் மாணவர் அங்கே தெரபிஸ்ட்டாகவே வேலை பார்ப்பார். அமெரிக்க உளவியல் சங்கமான ஏபிஏவின் அங்கீகாரம் பெற்ற மையம் என்றால் வாரத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர மேற்பார்வை கட்டாயம். அதில் இரண்டு மணி நேரம் தனிப்பட்ட மேற்பார்வையாக இருக்க வேண்டும். உதவித்தொகையும் உண்டு.

ஏபிஏ அங்கீகாரம் பெற்ற பிஎச்.டி. படிப்பில் இந்த இன்டர்ன்ஷிப்பை முடிக்காமல் பட்டம் கிடையாது. கோர்ஸ் முடிந்திருக்கலாம், ஆய்வேடு முடிந்திருக்கலாம், அப்போதும் கிடையாது. பட்டம் இல்லாமல் உளவியலாளர் உரிமமும் இல்லை.

இந்திய வாசகர்களுக்கு இந்த உரிம விஷயம் கொஞ்சம் புதுசாக இருக்கும். இங்கே 'கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு வைக்கத் தனி உரிமம் என்று ஒன்று நீண்ட காலமாக இல்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்களை மையமாக வைத்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை. கவுன்சலிங் சைக்காலஜி அங்கே தனிப் பிரிவு. தொழில் வழிகாட்டுதல், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான உதவி ஆகியவற்றிலிருந்து வளர்ந்தது. ஏபிஏவில் 17ஆவது பிரிவு இவர்களுடையது. உரிமம் என்று வரும்போது கிளினிக்கல் படித்தவரும் கவுன்சலிங் படித்தவரும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள்.

கம்ப்யூட்டர் எப்படி ஜோடி சேர்க்கிறது?

1990களில் இந்தத் தேர்வு போனில் நடந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்குக் காலையில் மையங்கள் மாணவர்களைக் கூப்பிடத் தொடங்கும். கையில் ஒரு இடம் வந்த மாணவர், அதைவிட நல்ல இடம் வருமா என்று அதைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் விடாதவரை அடுத்தவருக்குப் போன் போகாது. மொத்தச் சந்தையும் சில மணி நேரத்துக்குள் இப்படி முட்டி மோதி முடியும். பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத் இந்தப் போன் சந்தையை வைத்தே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

1999இல் இது கம்ப்யூட்டருக்கு மாறியது. நடத்துவது 'ஆப்பிக்' என்ற இன்டர்ன்ஷிப் மையங்களின் சங்கம். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த மையங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்கள். மையங்களும் மாணவர்களை அதே மாதிரி வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியலையும் வைத்து ஜோடி சேர்க்கும் முறைக்கு அடித்தளம், டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962இல் எழுதிய கட்டுரை. 2012இல் ஷாப்லிக்கும் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது இந்தத் துறைக்காகத்தான்.

இங்கேதான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். "அந்த இடம் நமக்குக் கிடைக்காதுப்பா, அதை முதல்ல போட்டு வீணாக்காதே" என்று சீனியர் யாராவது சொல்வார்கள். இந்த அறிவுரை தவறு. ஏன்?

ஒரு மாணவி மூன்று மையங்களை வரிசைப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு பெரிய பல்கலைக்கழக கவுன்சலிங் மையம், அடுத்து ஒரு மருத்துவமனை, மூன்றாவது உள்ளூர் மையம். கம்ப்யூட்டர் முதலில் அவரை அந்தப் பல்கலைக்கழகத்தில் உட்கார வைத்துப் பார்க்கும். அந்த மையம் அவரைவிட மேலே வைத்திருக்கும் மாணவர்களாலேயே இடம் நிறைந்துவிட்டால், மருத்துவமனைக்கு நகர்த்தும். அங்கே ஏற்கெனவே ஒருவர் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கலாம். அவர் அந்த மருத்துவமனையை முதலாவதாகப் போட்டவராகவும் இருக்கலாம். ஆனாலும் மருத்துவமனையின் பட்டியலில் நம் மாணவி மேலே இருந்தால், இடம் இவருக்கு. உட்கார்ந்திருந்தவர் தன் அடுத்த விருப்பத்துக்குப் போவார்.

அதாவது, கிடைக்காத இடத்தை முதலில் போட்டதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஒரு மையத்தை 'இவர் நம்மை எத்தனையாவதாகப் போட்டார்' என்ற தகவல் பாதிப்பதே இல்லை. அதைக் கேட்கவும் கூடாது. முடிவு வெளியாகும்வரை மாணவரும் மையமும் தங்கள் வரிசையைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசக் கூடாது என்பது மேட்ச் விதி.

ஆக, மனசில் இருக்கும் உண்மையான வரிசையை அப்படியே போடுவதுதான் சரியான உத்தி. ஒரே ஒரு எச்சரிக்கை: முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 'சும்மா இருக்கட்டும்' என்று ஒரு இடத்தைக் கடைசியில் போட்டு, அதுவே கிடைத்துவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். போக முடியாத ஊர் பட்டியலில் இருக்கவே கூடாது.

பற்றாக்குறை தீர்ந்துவிட்டதா?

2010களின் தொடக்கத்தில் நிலைமை மோசம். மாணவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, இடங்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. 2012 வாக்கில் முதல் கட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு புதிய மையங்கள் அங்கீகாரம் பெற உதவுவதற்காக 30 லட்சம் டாலர் வரை ஒதுக்க ஏபிஏ முடிவு செய்தது. இடங்கள் மெல்ல மெல்லக் கூடின. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கணக்கு தலைகீழானது. மொத்த இடங்கள் விண்ணப்பதாரர்களின் எண்ணிக்கையைத் தாண்டின.

அப்படியானால் எல்லோருக்கும் இடம் உறுதியா? இல்லை. மொத்தக் கணக்கு வேறு, ஒருவருக்குப் பொருந்தும் கணக்கு வேறு. எல்லோரும் விரும்பும் பெருநகரங்களில் போட்டி குறையவில்லை. ஒரு கவுன்சலிங் மையத்தில் பெரும்பாலும் மூன்று, நான்கு இடம்தான் இருக்கும். இன்னொரு பக்கம், சிறு நகரங்களில் இடங்கள் காலியாகவே கிடக்கும். குடும்பம், குழந்தை, வாழ்க்கைத்துணையின் வேலை என்று ஒரே ஊரில் கட்டுண்டவருக்கு அந்தக் காலி இடங்களால் பயன் இல்லை.

வெளிநாட்டு மாணவருக்கு எத்தனை கதவு?

அமெரிக்காவில் உளவியலாளர்களுக்குப் பயிற்சி தரும் மிகப் பெரிய தனி அமைப்பு, முன்னாள் படைவீரர்களுக்கான விஏ மருத்துவமனைகள். நல்ல பயிற்சி, நிலையான உதவித்தொகை. ஆனால் அங்கே சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ராணுவ மையங்களும் அப்படித்தான். எஃப்-1 மாணவர் பட்டியல் போட உட்காரும்போதே இந்தப் பெரிய பகுதி அவருக்குக் கழிந்துவிடுகிறது.

மீதி இருப்பவற்றில் கவுன்சலிங் சைக்காலஜி மாணவர்களுக்கு இயல்பான இடம் பல்கலைக்கழக கவுன்சலிங் மையங்கள்தான். அதே வளாகத்தில் சர்வதேச மாணவர் அலுவலகம் இருக்கும். விசா வகைகளின் பெயர்கள் அங்கே யாருக்கும் புதிதல்ல. பல மொழி பேசும் தெரபிஸ்ட்டுக்கு வேலையும் இருக்கும்.

பல மாணவர்கள் தேவையில்லாமல் பின்வாங்கும் இடம் ஒன்று உண்டு. சில மையங்களின் அறிவிப்பில் 'விசா ஸ்பான்சர் செய்வதில்லை' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் அந்த மையத்தைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் எஃப்-1 மாணவர் இன்டர்ன்ஷிப்புக்குப் போவது சிபிடி என்ற அனுமதியில். அதைத் தருவது மாணவரின் சொந்தப் பல்கலைக்கழகம். மையம் குடிவரவுத் துறைக்கு எந்த மனுவும் போட வேண்டியதில்லை. அதனால் 'ஸ்பான்சர் இல்லை' என்றால் 'சிபிடி மாணவர் வரக் கூடாது' என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செப்டம்பரிலேயே பயிற்சி இயக்குநருக்கு இரண்டு வரி மெயில் போட்டுக் கேட்டுவிடலாம். 'முடியாது' என்று பதில் வந்தால் ஒரு விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.

ஒரு வருடமா, ஒரு வருடத்துக்குச் சில நாள் குறைவா?

விசா கணக்கில் மிக முக்கியமான விதி இதுதான். முழுநேர சிபிடி மொத்தம் ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் போனால், படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் ஓபிடி என்ற ஒரு வருட வேலை அனுமதி போய்விடும். வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் முழுநேரம் என்று கணக்கு.

உளவியல் இன்டர்ன்ஷிப் சரியாக ஒரு வருட முழுநேர வேலை. மாட்டிக்கொள்வதற்கென்றே அமைத்த மாதிரி. ஓபிடி போனால் என்ன நஷ்டம்? பல மாநிலங்களில் உரிமத்துக்குப் பட்டத்துக்குப் பிந்தைய மேற்பார்வை மணி நேரங்களையும் கேட்கிறார்கள். சில மாநிலங்கள் கேட்பதில்லை. கேட்கும் மாநிலத்தில் இருப்பவர் அந்தப் போஸ்ட்டாக் வருடத்தை ஓபிடியில்தான் பெரும்பாலும் முடிப்பார். அது இல்லை என்றால், ஐந்தாறு வருடம் படித்தும் உரிமத்துக்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டியதுதான்.

இதற்காகப் பல பல்கலைக்கழகங்களின் சர்வதேச மாணவர் அலுவலகங்கள் அனுமதித் தேதிகளை ஒரு வருடத்துக்குச் சில நாட்கள் குறைவாக அமைத்துத் தருவது வழக்கம். அதற்கு மையத்தின் தொடக்க, முடிவுத் தேதிகளும் ஒத்துழைக்க வேண்டும். மேட்ச் முடிவு வந்த வாரமே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும். இன்னொன்று: கோடை விடுமுறையில் முழுநேர பிராக்டிகத்துக்கு சிபிடி வாங்கியிருந்தால் அந்த நாட்களும் இதே கணக்கில் சேரும். மூன்றாம் வருடம் யோசிக்காமல் எடுத்த இரண்டு மாதம், ஆறாம் வருடம் வந்து நிற்கும்.

இதற்கு மேல் இன்னொரு மேகமும் சூழ்ந்திருக்கிறது. எஃப்-1 மாணவர் படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற முறையை மாற்றி, ஒரு தடவைக்கு அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று வரம்பு வைக்கும் வரைவு விதியை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. கவுன்சலிங் சைக்காலஜி பிஎச்.டி. நான்கு ஆண்டில் முடியும் படிப்பு இல்லை. இன்டர்ன்ஷிப் வருவதே கடைசி ஆண்டில். அந்த முறை நடைமுறையில் இருந்தால், இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் முன்பே தங்கும் காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டிவரும். நீட்டிப்பு தாமதமானால் சிபிடியும் தள்ளும். மையத்தின் தொடக்கத் தேதி தள்ளாது.

விண்ணப்பத்தில் என்ன பார்க்கிறார்கள்?

எல்லா மையங்களுக்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான். மையத்துக்கு மையம் மாறுவது கவர் லெட்டர்.

மணி நேரக் கணக்கு: பிராக்டிகத்தில் கிளையன்ட்டோடு நேரில் செலவழித்த நேரம், மேற்பார்வை நேரம், சோதனைகள் செய்து எழுதிய அறிக்கைகள் என்று எல்லாவற்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். பல மையங்கள் குறைந்தபட்ச மணி நேரத்தைக் குறிப்பிட்டிருக்கும். அதைத் தாண்டிவிட்டால், மேலும் மேலும் குவிப்பதால் பெரிய லாபம் இல்லை. 'யாரோடு, என்ன வேலை செய்தார்' என்பதுதான் பேசும். கவுன்சலிங் மையம் குழு தெரபி அனுபவத்தைத் தேடும். மருத்துவமனை சோதனை அறிக்கைகளை எண்ணும். இந்தக் கணக்கைப் படிப்புத் துறையின் பயிற்சி இயக்குநர் சரிபார்த்துச் சான்று தருவார். அதனால் முதல் பிராக்டிகத்திலிருந்தே எக்செல் ஷீட்டிலோ ஆப்பிலோ வாராவாரம் பதிவது அவசியம். அக்டோபரில் உட்கார்ந்து மூன்று வருடத்தை ஞாபகப்படுத்திப் பார்ப்பது நடக்காத காரியம்.

கட்டுரைகள்: தன்னைப் பற்றி, தெரபியில் தன் அணுகுமுறை பற்றி, பன்முகப் பின்னணி கொண்டவர்களோடு செய்த வேலை பற்றி, ஆய்வு பற்றி என்று நான்கு தலைப்புகள் நீண்ட காலமாகக் கேட்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொன்றும் 500 சொற்களுக்குள். இந்திய மாணவர்கள் இரண்டு பக்கமும் வழுக்கலாம். ஒரு பக்கம், 'நான் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தேன்' என்று தொடங்கி ஊர்க் கதையிலேயே 500 சொல்லும் தீர்ந்துவிடும். மறுபக்கம், புத்தகத்தில் இருக்கும் கோட்பாட்டை அப்படியே ஒப்பிப்பார்கள். படிப்பவருக்குத் தேவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பின்னணி, எதிரே உட்கார்ந்த ஒரு கிளையன்ட்டோடு பேசும்போது எங்கே உதவியது, எங்கே கண்ணை மறைத்தது என்பதுதான் அது. அடையாளம் தெரியாத அளவுக்குக் கிளையன்ட்டின் விவரங்களை மாற்றித்தான் எழுத வேண்டும்.

பரிந்துரை: இதற்கும் பொதுவான படிவம்தான். அதில் மாணவரின் பலத்தோடு, வளர வேண்டிய பகுதிகளையும் எழுதச் சொல்வார்கள். 'குறை எழுதிவிட்டாரே' என்று பதற வேண்டியதில்லை. குறையே இல்லாத பரிந்துரையைத்தான் சந்தேகமாகப் படிப்பார்கள். தன் அறையில் நடந்த தெரபியைக் கவனித்துத் திருத்திய சூப்பர்வைசர் எழுதுவது, வகுப்பில் மட்டும் பார்த்த பெரிய பேராசிரியர் எழுதுவதைவிட மேல்.

எத்தனை மையங்களுக்கு? பதினைந்தைத் தாண்டினால் வாய்ப்பு பெரிதாகக் கூடுவதில்லை என்பது ஆப்பிக் நீண்ட காலமாகச் சொல்லிவரும் அறிவுரை. செலவு மட்டும் கூடும். எஃப்-1 மாணவருக்கு அந்தப் பதினைந்தும் உண்மையிலேயே திறந்திருக்கும் பதினைந்தாக இருக்க வேண்டும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நேர்காணல். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் வீடியோவில் நடக்கிறது. விமானச் செலவு மிச்சம். ஆனால் ஊரையும் மையத்தையும் கண்ணால் பார்க்காமலே வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. அதனால் இப்போது அங்கே இருக்கும் இன்டர்ன்களிடம் பேசக் கிடைக்கும் நேரம் பொன்னானது. வாடகை என்ன, உதவித்தொகையில் மாதம் ஓடுகிறதா, சிபிடியில் வந்தவர் முன்பு யாராவது உண்டா என்பதை எல்லாம் அவர்களிடம்தான் கேட்க முடியும்.

"சரியாகப் போகாத ஒரு கேஸைச் சொல்லுங்கள்." "சூப்பர்வைசரோடு நீங்கள் ஒத்துப்போகாத சமயம் ஒன்று?" இந்த மாதிரிக் கேள்விகள் கட்டாயம் வரும். 'சார் சொன்னா சரி' என்று வளர்ந்தவருக்கு இரண்டாவது கேள்வி சங்கடம். 'அப்படி எதுவும் இல்லை' என்பது பணிவான பதிலாகத் தோன்றும். கேட்பவருக்கோ, இவர் மேற்பார்வையை மறைத்துப் பழகியவரோ என்ற ஐயம் வரும். எதில் வேறுபட்டார், அதை எப்படிச் சொன்னார், பிறகு என்ன நடந்தது என்று ஒரு சிறு சம்பவத்தைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

இடம் கிடைக்காவிட்டால்?

மேட்ச் 2011 முதல் இரண்டு கட்டமாக நடக்கிறது. பிப்ரவரியில் கிடைக்காதவர்கள், மிச்சம் இருக்கும் இடங்களுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். முடிவு மார்ச்சில் வரும். அதற்கும் பிறகு காலி இடங்களுக்கான பட்டியல் சேவை ஒன்று இருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்கு நேரம் மிகக் குறைவு. அதனால் கவர் லெட்டரின் பொது வடிவம் பிப்ரவரிக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

அதிலும் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் காத்திருப்புதான். அமெரிக்க மாணவர் அந்த வருடம் ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொண்டு ஆய்வேட்டை முடிப்பார். எஃப்-1 மாணவருக்கு அந்த வசதி இல்லை. மாணவராகவே பதிவில் இருந்து, விசா ஆவணமான ஐ-20ஐ நீட்டித்து, கட்டணமும் கட்ட வேண்டும். துறையில் அடுத்த வருடமும் உதவியாளர் பணி தருவார்களா என்பதை மேட்ச் முடிவுக்கு முன்பே கேட்டு வைப்பது அவமானம் இல்லை. அதுவும் திட்டமிடலில் ஒரு பகுதி.

காலண்டர்: எப்போது என்ன?

- முதல் பிராக்டிகம் முதலே: மணி நேரப் பதிவு. முழுநேர சிபிடி எடுக்கும் முன் ஓபிடி கணக்கைப் பார்ப்பது.
- விண்ணப்பிக்கும் ஆண்டின் கோடை: ஆய்வேட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்குவது. பல துறைகள் இது முடியாமல் விண்ணப்பிக்க விடுவதில்லை. விண்ணப்பத் தளமும் கோடையிலேயே திறந்துவிடும்.
- செப்டம்பர்: மையங்களின் குடியுரிமை நிபந்தனையைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மெயிலில் கேட்டுப் பட்டியலை இறுதி செய்வது.
- அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை: மையத்துக்கு மையம் கடைசித் தேதி வேறு. பெரும்பாலானவை நவம்பரில்.
- டிசம்பர், ஜனவரி: நேர்காணல்.
- பிப்ரவரி: தொடக்கத்தில் வரிசைப் பட்டியல், பிற்பாதியில் முடிவு. அதே வாரம் சர்வதேச மாணவர் அலுவலகத்தோடு சிபிடி தேதிகள் பற்றிப் பேச்சு.
- இன்டர்ன்ஷிப் முடியும் முன்: ஓபிடி விண்ணப்பம். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாள் வரை அனுப்பலாம். போஸ்ட்டாக் வேலை ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குவதால், வாசல் திறந்ததுமே அனுப்புவதுதான் நல்லது.